திரும்பி வரும் வழி: வங்கிக் கணினிகள் புதுப்பிக்கப்படும் இரவுகளில் நிகழ்வது என்ன?

"பராமரிப்புப் பணிகள் காரணமாக ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு முதல் அதிகாலை வரை சில சேவைகள் கிடைக்கமாட்டா, சிரமத்திற்கு வருந்துகிறோம்." இத்தகைய குறுஞ்செய்தி வங்கி வாடிக்கையாளர் எவருக்கும் புதியதன்று. படித்தவுடன் மறந்துவிடுகிறோம். ஆயினும் அந்தச் சில மணி நேரத்தில், நமது ஊதியமும் ஓய்வூதியமும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையும் பதிவாகியுள்ள கணினியின் அடித்தளமே மாற்றப்படுகிறது. அப்பணி செவ்வனே முடிந்தால் திங்கட்கிழமை காலையில் யாருக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. பிழை நேர்ந்தால் பல இலட்சம் பேர் தங்கள் சொந்தப் பணத்தைத் தொட இயலாமல் தவிக்க நேரும்.

இந்தப் பணியை மேற்கொள்ளும் பொறியாளர்களிடையே எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. புதிய அமைப்புக்குச் செல்லும் வழியை வகுக்கும்போதே, தேவைப்பட்டால் பழைய அமைப்புக்குப் பத்திரமாகத் திரும்பி வரும் வழியையும் வகுத்துவிட வேண்டும். வகுத்தால் மட்டும் போதாது. அவ்வழியில் ஒருமுறையேனும் நடந்து பார்த்திருக்க வேண்டும். இந்த ஒரு விதி கடைப்பிடிக்கப்பட்ட இடத்திலும் மறக்கப்பட்ட இடத்திலும் நிகழ்ந்தவற்றை அறிந்துகொள்வது வாடிக்கையாளர்களாகிய நமக்கும் பயன் தரும்.

மைசூரு அரண்மனை சொல்லும் செய்தி

கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்விதிக்கு எடுத்துக்காட்டாக அமைந்த நகரம் மைசூரு. 1897ஆம் ஆண்டில் இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது மூண்ட தீயில் பழைய மர அரண்மனை அழிந்தது. புதிய அரண்மனையை வடிவமைக்கும் பொறுப்பு, சென்னை உயர் நீதிமன்றக் கட்டடப் பணியில் பங்கு கொண்ட ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணி 1912இல்தான் நிறைவடைந்தது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அரச குடும்பத்தின் வாழ்வோ, அரசவையின் பணிகளோ நின்றுவிடவில்லை. 1861இல் கட்டப்பட்டிருந்த ஜகன்மோகன் அரண்மனை அவற்றைத் தாங்கிக்கொண்டது. 1902இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், வைஸ்ராய் கர்சன் பிரபுவின் முன்னிலையில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் அங்கேதான்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று. தீப்பிடித்த பிறகு ஜகன்மோகன் அரண்மனை கட்டப்படவில்லை. அது முன்னரே இருந்தது. பழுதின்றிப் பயன்படும் நிலையில் இருந்தது. இடர் வந்த பின் மாற்றிடம் தேடுவது வேறு, மாற்றிடத்தை முன்னரே ஆயத்தமாக வைத்திருப்பது வேறு. வங்கிக் கணினியின் பாதுகாப்பு இரண்டாவது வகையைச் சார்ந்தது.

ஏன் மாற்ற வேண்டும்?

"நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது, அதை ஏன் தொட வேண்டும்?" என்னும் வினா இயல்பாக எழும். கணினியின் இயங்குதளம் என்பது வன்பொருளுக்கும் வங்கி மென்பொருளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருள். அதைத் தயாரிக்கும் நிறுவனம் ஒவ்வொரு பதிப்புக்கும் குறிப்பிட்ட காலம் வரையில்தான் திருத்தங்களை வழங்கும். அக்காலம் கடந்தபின் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு மருந்து கிடைக்காது. கதவின் பூட்டு பழுதென்று திருடனுக்குத் தெரிந்த பின்னும் அதை மாற்றாமல் இருப்பதைப் போன்றது அது. எனவே மாற்றாமலிருப்பதும் ஓர் இடரே.

உலகின் பெரிய வங்கிகள் பலவும் இன்றளவும் மெயின்ஃப்ரேம் எனப்படும் பெருங்கணினிகளை நம்பியுள்ளன. 1964 ஏப்ரல் 7ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம் 360 வரிசையின் வழித்தோன்றல்களே இன்றைய அந்நிறுவனப் பெருங்கணினிகள். இந்திய வங்கிகளின் கோர் பேங்கிங் அமைப்புகளோ பெரும்பாலும் வேறு வகைச் சேவையகங்களில் இயங்குகின்றன. கருவி எதுவாயினும், அதன் அடித்தளத்தை மாற்றும்போது கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றே. பெருங்கணினித் துறை அதை நீண்ட காலப் பட்டறிவால் ஒழுங்குமுறையாகவே வகுத்து வைத்திருக்கிறது.

திரும்பும் வழி எவ்வாறு அமைக்கப்படுகிறது?

முதற்படி, பழையதை அழிக்காமல் புதியதை அமைத்தல். புதிய இயங்குதளம் தனி வட்டுத் தொகுதியில் நிறுவப்படும். பழைய இயங்குதளம் உள்ள வட்டுகளில் யாரும் கை வைப்பதில்லை. கணினியை எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்பதை மட்டும் மாற்றினால் புதியது இயங்கும். மீண்டும் மாற்றினால் பழையது இயங்கும்.

இரண்டாம் படி, ஒத்திகை. வாடிக்கையாளர் கணக்குகளைத் தொடாத சோதனை அமைப்பில் புதிய இயங்குதளம் முதலில் ஓட்டிப் பார்க்கப்படும். நாளிறுதிக் கணக்கு முடிப்பு, வட்டிக் கணக்கீடு, மாத இறுதி, காலாண்டு இறுதி ஆகியவை அனைத்தும் அங்கே நிகழ்த்தப்படும். மாதத்தில் ஒரு நாள் மட்டுமே ஓடும் வேலையில் மறைந்திருக்கும் பிழை, மற்ற இருபத்தொன்பது நாள்களில் வெளிப்படாது அல்லவா?

மூன்றாம் படி, ஒவ்வொன்றாக மாற்றுதல். ஒரே பணியைப் பகிர்ந்து செய்யும் பல அமைப்புகள் இருக்குமாயின், ஒன்றை மட்டும் பணியிலிருந்து விலக்கிப் புதுப்பிப்பர். மற்றவை வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்ளும். முதலாவது நிலைபெற்ற பிறகே இரண்டாவதைத் தொடுவர். அதுவரை பழைய பதிப்பும் புதிய பதிப்பும் அருகருகே இயங்கியாக வேண்டும். ஐ.பி.எம். பெருங்கணினியின் இசட்/ஓ.எஸ். இயங்குதளம் இதற்கென்றே ஒரு கொள்கையைக் கொண்டுள்ளது: ஒரு பதிப்பு, தனக்கு முந்தைய இரு பதிப்புகளோடு சேர்ந்து இயங்கவும், அவற்றுக்குத் திரும்பவும் இடமளிக்கும்.

இங்கே நுட்பமான ஒரு செய்தி உண்டு. புதிய பதிப்பு எழுதி வைக்கும் சில குறிப்புகளைப் பழைய பதிப்பு புரிந்துகொள்ளாமல் போகலாம். ஆதலால் அவற்றைப் புரிந்துகொள்வதற்கான திருத்தங்களைப் பழைய பதிப்பிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடுகின்றனர். புதிய பதிப்பு தரும் கவர்ச்சியான புது வசதிகளையும் அது நிலைபெறும் வரை பயன்படுத்துவதில்லை. அவற்றைத் தொடங்கிவிட்டால், பழையதற்கு அறிமுகமே இல்லாத ஒன்று கணினிக்குள் புகுந்துவிடும்; திரும்பும் வழியும் அடைபடக்கூடும்.

நான்காம் படி, முடிவு நேரத்தைக் குறித்தல். ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை பணிக்கு அவகாசம் உள்ளது என்க. ஒத்திகையில், பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரமும், திரும்பியபின் கணக்குகளைச் சரிபார்க்க அரை மணி நேரமும் ஆயின. அப்படியானால் அதிகாலை 4 மணியே முடிவு நேரம். அதற்குள் எல்லாம் சரியாக இல்லையெனில், "இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள், சரிசெய்துவிடுகிறோம்" என்ற குரலுக்குச் செவி சாய்க்கலாகாது. அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் முன்னரே எழுதி வைக்கப்பட வேண்டும். களைத்துப்போன குழு நள்ளிரவில் கூடி விவாதிப்பதற்குரிய பொருள் அன்று அது.

சேவை ஏன் நிறுத்தப்படுகிறது?

மென்பொருளைத் திருப்புவது எளிது. தரவைத் திருப்புவதுதான் கடினம். நள்ளிரவு 1 மணிக்குப் புதிய அமைப்பு தொடங்கப்பட்டது. 4 மணிக்குப் பிழை கண்டுபிடிக்கப்பட்டுப் பழையதற்குத் திரும்ப வேண்டியதாயிற்று என்று கொள்வோம். இடையிலுள்ள மூன்று மணி நேரத்தில் ஒருவர் மருத்துவமனைக்குப் பணம் செலுத்தியிருக்கலாம். மற்றொருவருக்கு வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்பியிருக்கலாம். 1 மணிக்கு எடுத்த காப்புநகலை அப்படியே மீட்டால் அவ்விரு பதிவுகளும் மறைந்துவிடும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகளே உள்ளன. அந்த மூன்று மணி நேரப் பரிவர்த்தனைகளைத் தனியே குறித்து வைத்து, பழைய அமைப்பில் மீண்டும் ஒவ்வொன்றாக ஏற்றலாம். அல்லது, அந்நேரத்தில் பரிவர்த்தனைகளே நிகழாதவாறு சேவையை நிறுத்தி வைக்கலாம். நமக்கு வரும் "சேவை கிடைக்காது" என்னும் குறுஞ்செய்தியின் பின்னணியில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டாவது வழிதான். திரும்பும் வழியைத் திறந்து வைப்பதற்கு வாடிக்கையாளர் செலுத்தும் சிறிய விலை அது.

திரும்பியதால் வந்த துன்பம்

இவ்விதி மறக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012ஆம் ஆண்டில் பிரிட்டனில் நிகழ்ந்தது சான்று. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில், இரவுதோறும் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதுப்பிக்கும் பணிகளை வரிசைப்படுத்தும் மென்பொருள், ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை மேம்படுத்தப்பட்டது. அடுத்து வந்த நாள்களில் சில கோளாறுகள் தென்பட்டன. உடனே புதிய மென்பொருளை நீக்கிப் பழையதற்குத் திரும்ப முடிவெடுத்தனர். அவ்வாறு திரும்பினால் என்ன விளையும் என்பதை அவர்கள் முன்கூட்டிச் சோதிக்கவில்லை. புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை என்பதும் தெரிந்திருக்கவில்லை.

விளைவு கடுமையாக இருந்தது. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, நாட்வெஸ்ட், அல்ஸ்டர் ஆகிய வங்கிகளின் 65 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிப்புற்றனர். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. வீட்டுக் கடன் தவணை உரிய நாளில் செல்லவில்லை. நிறுவனங்களால் ஊதியம் வழங்க இயலவில்லை. வெளிநாடு சென்றிருந்தோர் கையில் பணமின்றித் தவித்தனர். அல்ஸ்டர் வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு இத்துன்பம் ஜூலை வரை நீடித்தது. 2014 நவம்பரில் அந்நாட்டின் இரு ஒழுங்குமுறை அமைப்புகள், முறையே 4 கோடியே 20 இலட்சம் பவுண்டும் 1 கோடியே 40 இலட்சம் பவுண்டும் அபராதம் விதித்தன.

பெருந்துன்பத்துக்கு வழிவகுத்தது, பாதுகாப்புக்கென்று எடுத்த திரும்பும் முயற்சிதான். காகிதத்தில் எழுதப்பட்டு, நடந்து பார்க்கப்படாத திரும்பும் வழி, வழியே இல்லாத நிலையினும் கேடானது. வழி இருக்கிறது என்ற நம்பிக்கையில் நாம் துணிந்து முன்னேறிவிடுகிறோம் அல்லவா?

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

நம் நாட்டில் இதே விதி எவ்வாறு கடைப்பிடிக்கப்பட்டது என்பதற்கும் சான்று உண்டு. ஒரு காலத்தில் வங்கிகளுக்கிடையேயான பணப் பரிமாற்ற அமைப்புகள் இரவில் உறங்கின. அந்நேரத்தில் பழுதுபார்ப்பது எளிதாக இருந்தது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் சேவையும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ். சேவையும் நாள்தோறும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கத் தொடங்கின. வாடிக்கையாளருக்கு இது பெரும் வசதி. பொறியாளருக்கோ, ஓடும் வண்டியின் சக்கரத்தை மாற்றும் வேலை.

2021இல் இரண்டு அமைப்புகளையும் மேம்படுத்த ரிசர்வ் வங்கி முடிவு செய்தது. ஆர்.டி.ஜி.எஸ்.-இன் தாங்குதிறனைக் கூட்டவும், இடர் நேர்ந்தால் மீண்டெழும் நேரத்தைக் குறைக்கவும், ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு முதல் பிற்பகல் 2 மணி வரை அச்சேவை நிறுத்தப்பட்டது. அந்நேரம் முழுவதும் நெஃப்ட் வழக்கம்போல் இயங்கியது. ஐந்து வாரம் கழித்து, மே 23, ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு முதல் பிற்பகல் 2 மணி வரை நெஃப்ட் மேம்படுத்தப்பட்டது. அப்போது ஆர்.டி.ஜி.எஸ். இயங்கியது. இரண்டையும் ஒரே நாளில் முடித்திருந்தால் ஒரு விடுமுறை நாளோடு வேலை தீர்ந்திருக்கும். ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று துணையாக நிற்கும் வாய்ப்பு இல்லாமற் போயிருக்கும். வாரத்தின் பரபரப்பில்லாத நாளையும், ஊதிய நாள்களைத் தவிர்த்த தேதியையும், முன்னறிவிப்பையும் நோக்கினால், இத்தகைய திட்டமிடல் எவ்வாறு அமைய வேண்டும் என்பது புலனாகும்.

மைசூரு வங்கி இணைந்தபோது

மைசூரு மக்கள் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றையும் கண்டிருக்கின்றனர். சர் எம். விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியாலும் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவாலும் 1913இல் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது மைசூர் வங்கி. 1960இல் அது பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் என்று பெயர் பெற்றது. 2017 ஏப்ரல் 1ஆம் நாள் மற்ற நான்கு துணை வங்கிகளோடும் பாரதிய மகிளா வங்கியோடும் சேர்ந்து பாரத ஸ்டேட் வங்கியில் இணைந்தது.

சட்டப்படியான இணைப்பு ஒரே நாளில் நிகழ்ந்தது. கணக்குகளின் தரவு இணைப்போ அதன் பிறகு வந்த வாரங்களில், வங்கி வங்கியாகக் கட்டம் கட்டமாகவே மேற்கொள்ளப்பட்டது. துணை வங்கிகளும் தாய் வங்கியும் முன்னரே ஒரே வகைக் கோர் பேங்கிங் மென்பொருளைப் பயன்படுத்தி வந்தது இப்பணிக்குப் பேருதவியாயிற்று.

வாடிக்கையாளர் பக்கத்திலும் பழைய வழி உடனே அடைக்கப்படவில்லை. துணை வங்கிகளின் பழைய காசோலைகள் முதலில் 2017 செப்டம்பர் 30 வரை செல்லும் என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் அக்காலம் டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் மாறியபோது, பழைய குறியீட்டுக்கு வரும் பணம் திரும்பிப் போய்விடாமல் புதிய குறியீட்டோடு பொருத்தப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக ஒரே பெயரை நம்பி வந்த குடும்பங்களுக்கு, கையிலிருக்கும் காசோலை நாளையும் செல்லும் என்ற உறுதியைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்?

வாடிக்கையாளர் செய்யத்தக்கவை

வங்கி தன் பங்குக்குத் திரும்பும் வழியை அமைக்கிறது. நாமும் நம் அளவில் ஒரு மாற்று வழியை வைத்துக்கொள்வது நன்று.

பராமரிப்பு அறிவிப்பு வந்தால், அந்நேரத்தில் கெடு முடியும் கட்டணங்களை முதல் நாளே செலுத்திவிடுக. தானியங்கித் தவணைகளுக்கு வேண்டிய தொகை ஒரு நாள் முன்னதாகவே கணக்கில் இருக்கட்டும்.

அன்றாடத் தேவைக்கு ஓரிரு நாளுக்குப் போதுமான ரொக்கம் வீட்டில் இருக்கட்டும். நம் கையில் புழங்கும் ரூபாய்த் தாள்களை அச்சிடும் அச்சகங்களுள் ஒன்று 1996 முதல் மைசூருவில்தான் இயங்கி வருகிறது. மின்னணுப் பரிமாற்றம் எவ்வளவு வளர்ந்தாலும், மின்சாரமோ இணையமோ இல்லாத நேரத்திலும் செல்லுபடியாகும் மாற்று வழி அத்தாள்களே.

பராமரிப்புக்கு முன்னும் பின்னும் கணக்கின் இருப்பைக் குறித்து வைத்துக்கொள்க. வேறுபாடு இருந்தால் உடனே கிளைக்குத் தெரிவியுங்கள். ஏ.டி.எம்.-இல் பணம் வராமல் கணக்கில் கழிக்கப்பட்டிருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் வங்கி தானாகவே அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் அது திரும்பியாக வேண்டும். தவறினால் அதே இழப்பீடு பொருந்தும். வங்கியிடம் எழுத்து வடிவில் அளித்த முறையீட்டுக்கு 30 நாள்களுக்குள் நிறைவான விடை கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்கான தகவல்களை 14448 என்ற எண்ணில் பெறலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வங்கியின் பராமரிப்பு அறிவிப்பு மோசடிக்காரர்களுக்கும் தெரியும். "கணினி மாற்றத்தால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, இந்த இணைப்பைத் தொட்டு விவரங்களைப் புதுப்பியுங்கள்" என்று வரும் செய்தியை நம்பாதீர்கள். இயங்குதளத்தை மாற்றுவதற்கு வாடிக்கையாளரின் கடவுச்சொல்லோ, ஒருமுறைக் கடவு எண்ணோ எந்த வங்கிக்கும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால் சற்றும் தாமதியாமல் வங்கிக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். கணினிக்குத் திரும்பும் வழி உண்டு. மோசடிக்காரரின் கைக்குச் சென்ற பணம் திரும்பி வருவது, நாம் எவ்வளவு விரைந்து செயல்படுகிறோம் என்பதைப் பொறுத்தே அமையும்.